கொசுறு

பழைய காகிதக் கிடங்கைப் பிரிக்கிறார்கள் ஓவுலுவில்.
இடிக்கவில்லை, பிரிக்கிறார்கள்:
திருகாணி ஒவ்வொன்றாக,
தூங்கிவிட்ட குழந்தையின் சட்டையைக் கழற்றுவதுபோல.
உத்திரங்களுக்கு எண் போடுவது என் வேலை.
ஒரு கையில் சுண்ணக்கட்டி,
மறு கையில் தடிமன் அளக்கும் கருவி.
கையுறைக்குள் விரல்கள் இருக்கின்றனவா என்று
அவ்வப்போது மடக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

பதினேழாம் எண்.
துரு இல்லை, வளைவு இல்லை.
பதினான்கு மில்லிமீட்டர் என்கிறது கருவி.
மரப்பெட்டிமேல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
ஒன்பது போதும்.
காபி குடித்துவிட்டு மறுபடி போட்டேன்.
ஒன்பதுதான்.
கூரை மறையப் பனி பெய்த வருடங்களிலும்
தன் முழு பலத்தை
யாரும் கேட்காமலே நின்றிருக்கிறது.

நகராட்சி ஆவண அறையில்
எழுபத்து நான்காம் ஆண்டு வரைபடம் கிடைத்தது.
ஓரத்தில் பென்சிலில் ஒன்பது.
அதை அடித்துப் பத்து, வேறு கையெழுத்து.
பத்தை அடித்துப் பன்னிரண்டு, சரிபார்த்தவருடையது.
பன்னிரண்டையும் அடித்துப் பதினான்கு;
கீழே ஓ. கெம்ப்பைனென் என்ற சாய்ந்த ஒப்பம்,
பக்கத்தில் இரண்டே சொல்:
எதற்கும் இருக்கட்டும்.

சிரிப்பு வந்தது.
துறைமுகச் சந்தையில் முய்க்கு மீன் விற்பவள்
நிறுத்துக் கட்டியபின்
இன்னும் இரண்டை எடுத்துப் போடுவாள், அந்தக் கொசுறு.
அதை நான் வெண்ணெயில் பொரித்துத் தின்றுவிடுகிறேன்.
இதைத் தின்றது யார்?
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்தார்கள்; நாலு பேர், நாலு முறை.
அளந்து முடித்தபின் போட்டதைத்தான்
யாரும் அளக்கவில்லை.
அந்த ஐந்து மில்லிமீட்டருக்காகவும்
எங்கோ ஓர் உலை எரிந்திருக்கிறது.
எஃகு ஐம்பது வருடம் சும்மா நின்றுவிட்டு
இதோ லாரிமேல் படுத்திருக்கிறது.
புகை இன்னும் கீழே இறங்கவில்லை.

கெம்ப்பைனெனை வைதபடியே அலுவலகம் திரும்பி
என் வரைபடத்தை விரித்தேன்.
ஹௌகிபுதாஸில் ஒரு பள்ளிக்கூடம்.
தளம், கணக்குப்படி இருபத்தொரு சென்டிமீட்டர்.
வரைந்திருப்பது இருபத்தாறு.
எப்போது ஏற்றினேன், நினைவில்லை.
வெள்ளிக்கிழமையாக இருக்கும்.
ஏன் இவ்வளவு உறுதி என்று கேட்டு
எந்தப் பொறியாளருக்கும் இதுவரை
தொலைபேசி வந்ததில்லை.

இருபத்திரண்டு என்று மாற்றினேன். அப்போது வந்தது.
"நாலு சென்டி கான்கிரீட்டுக்காகவா, சென்யா,
நம் இருவர் தூக்கத்தையும் கெடுக்கிறாய்?"
ஒப்பந்தக்காரர் டாவெட்டி நிஸ்கலா.
"ஆயிரத்து நானூறு சதுர மீட்டர்.
நாலு சென்டியென்றால் எத்தனை லாரி, எண்ணுங்கள்."
எண்ணினார். மூச்சு கேட்டது.
"ஏழு."
பிறகு,
"விழுந்தால் என் பெயரை இழுக்காதே."

அன்றிரவு நான் தூங்கவில்லை என்பதை
அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அக்டோபரில் தளத்தின்மேல்
தண்ணீர்ப் பைகளை அடுக்கினோம்,
கொழுத்த கடல்நாய்களைப் போல, வரிசையாக.
தலைக்கு மேலே பதினேழாம் எண்,
இப்போது விளையாட்டுக் கூடத்தின் கூரையைத் தாங்குகிறது.
பழைய திருகாணித் துளைகளை
மக்கு வைத்து மூடவா என்றார் பெயின்டர்.
வேண்டாமென்றாள் தலைமையாசிரியை;
பையன்கள் எப்படியும் பந்தெறிந்து
அதற்குள் எதையாவது செருகப் பார்ப்பார்கள்,
பார்க்கட்டும்.

கடைசிப் பை நிரம்பியது.
யாரும் பேசவில்லை.
ஐந்து மில்லிமீட்டர் தொய்யலாம் என்று எழுதியிருந்தேன்.
மானியின் முள்
மூன்றில் நின்று லேசாக நடுங்கி
அங்கேயே இருந்துவிட்டது.

டாவெட்டி குனிந்து பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தார்.
"கணக்கு இருபத்தொன்று என்றுதானே சொன்னாய்?
அந்த ஒரு சென்டி எதற்கு?"

தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்றேன்.